மாடிப்படிக்கு அடியில ஒரு கம்ப்யூட்டர்

ஐயையோ, ஓடுதா? நல்லாவே ஓடுதா? என்ன தம்பி இப்படிப் பண்ணிட்டீங்க! உயிர் வந்தாப் போதும்னுதானே சொல்லிட்டுப் போனேன். எழுந்து ஓட விடச் சொன்னேனா?

இல்லப்பா, உங்க வேலையில குத்தம் சொல்லலை. கெட்டுப்போனதைச் சரி பண்ணினதோட, கடையில சும்மா கிடந்த மெமரியையும் டிஸ்க்கையும் சேர்த்து மாட்டினேங்கறீங்க, நல்ல மனசுதான். பட்டனை அமுக்கினதும் டக்குனு திரை வந்து நிக்குது. முன்னாடியெல்லாம் அமுக்கிட்டு நான் போய்த் துணி காயப் போட்டுட்டு வருவேன், அப்பவும் அந்தச் சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும். அதுதான் தம்பி எனக்கு வேணும்.

சிரிக்காதீங்க. இருங்க, உட்கார்ந்துக்கறேன், மூச்சு வாங்குது.

இது எங்க வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சேர்ந்து பெயிண்ட் கடை நடத்தின காலத்துல வாங்கினது. அப்புறம் கடையைப் பிரிச்சாங்க, வீட்டைப் பிரிச்சாங்க, கூடத்துக்கு நடுவுல சுவர் எழுப்பினாங்க. கரண்டி வரைக்கும் எண்ணிப் பிரிச்சவங்களுக்கு மாடிப்படியை மட்டும் பிரிக்க வழி தெரியலை, அது பொது. படிக்கு அடியில கிடந்த இதுவும் அப்படியே பொதுவாயிடுச்சு. யாருக்கும் வேணாம், ஆனா விட்டுக்கொடுக்கவும் மனசில்லை.

இப்போ ரெண்டு பேரும் அவங்கவங்க கடையைப் பசங்ககிட்ட விட்டுட்டு வீட்ல இருக்காங்க. சும்மா இருக்கற மனுஷனுக்கு என்னென்னமோ தோணும்ல. பழைய கம்ப்யூட்டருக்கு விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டா இளமை திரும்பிடும்னு இவர் ஏதோ வீடியோவுல பார்த்துட்டார். தனக்கே திரும்பப் போகுதுங்கற மாதிரி ஒரு குஷி.

லினக்ஸ்லயே கனமானது, லேசானதுன்னு இருக்காமே. இவர் லேசா ஒண்ணு போட்டார், நாய்க்குட்டி பேர் வச்சது. மறுநாள் பார்த்தா அதைக் காணோம். கொழுந்தனார் அதைத் துடைச்சுட்டு, எலி படம் போட்ட இன்னொண்ணை வச்சிருக்கார். அவரும் வீடியோ பார்க்கறவராச்சே! இவருக்கு இடது மூலையில பட்டன் இருக்கணும், ஓரமா மணி காட்டணும். அவருக்கு மணி காட்டினாலே ஆகாது, கடிகாரம் மெமரியைத் தின்னுடுமாம். இவர் கடிகாரத்தை வைப்பார், அவர் எடுப்பார். கடைசியில அவர், படமும் வேணாம், மவுஸும் வேணாம்னு வெறும் கறுப்புத் திரையைக் கொண்டுவந்து நிறுத்தினார். கிணத்தை எட்டிப் பார்க்கற மாதிரி இருந்துச்சு.

அதை வச்சு என்ன வேலை செய்யறாங்கன்னா? நல்லாக் கேட்டீங்க போங்க. மெமரி எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்ப்பாங்க. அதுதான் வேலை. மிச்சம் பிடிச்சதை வச்சு ஏதாவது செய்யலாமேன்னு ஒரு நாள் வாயை விட்டுட்டேன். செஞ்சா மிச்சம் போயிடும்னு ரெண்டு பேரும் ஒண்ணா என்மேல பாய்ஞ்சாங்க. அவங்க ஒத்துப்போன விஷயம் அது ஒண்ணுதான்.

ஆமா, சண்டையேதான். சாயங்காலம் ஆனா படிக்கு அடியில நாற்காலியைப் போட்டுக்கிட்டு ஒரே கூச்சல். பக்கத்து வீட்டம்மா ஜன்னலைச் சாத்திக்குவாங்க.

என்னது? இனிமே சண்டை நின்னுடுமா? அதைத்தானே தம்பி நானும் சொல்றேன். நின்னுடும்.

உங்களுக்குத் தெரியாது. சுவர் எழுப்பின நாள்ல இருந்து, இந்தப் பெட்டியைத் தொடற வரைக்கும் அவங்களுக்குள்ள பேச்சே கிடையாது. எங்க மாமியார் போனப்பகூட ஒருத்தர் தலைமாட்டுல, ஒருத்தர் கால்மாட்டுல நின்னாங்க. ஒரு வார்த்தை பேசிக்கலை. எனக்குத் தாங்கலை அன்னிக்கு.

அப்புறம் இந்தப் பெட்டி முன்னாடிதான் மாட்டிக்கிட்டாங்க. இவர் எதையோ அமுக்கப் போனார். படியில இறங்கி வந்த கொழுந்தனார் இவர் முகத்தைப் பார்க்காம, கம்ப்யூட்டரைப் பார்த்து, அதை அமுக்கினா எல்லாம் போயிடும்னார். இவரும் கம்ப்யூட்டரைப் பார்த்தே, அப்போ எதை அமுக்கணுமாம்னார். கொஞ்ச நாள் பெட்டிகிட்டயேதான் ரெண்டு பேரும் பேசினாங்க. ஒரு நாள் என்ன செஞ்சும் கிளம்பலை. இவருக்கு வந்துச்சு பாருங்க கோபம், டேய் முட்டாள், யார்றா உன்னை அதை அழிக்கச் சொன்னதுன்னு கத்திட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் ஓரகத்தி, கையில இருந்ததைப் போட்டுட்டு அப்படியே நின்னுட்டோம். அவர் உடனே, போண்ணா, உனக்கு ஒரு மண்ணும் தெரியாதுன்னார். நான் அடுப்பை அணைச்சுட்டு உட்கார்ந்து அழுதேன் தம்பி.

இப்போ இது மொத்தமாச் செத்துப் போனதும் வீட்ல சத்தமே இல்லை. சாயங்காலம் ஆனா ஆளுக்கொரு கதவைத் திறந்து படிக்கு அடியில எட்டிப் பார்க்கறாங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததும் திரும்பப் போய்க் கதவைச் சாத்திக்கறாங்க.

கழட்டுங்க தம்பி. அந்தப் புதுசு ரெண்டையும் கழட்டிட்டுப் பழசையே மாட்டிக் கொடுங்க. தூக்கிட்டுப் போக ஓரகத்தியும் வந்திருக்கா, வெளியில ஆட்டோவுல இருக்கா.