ஒன்பது தக்காளிப் பெட்டியும் ஒரு பதிலும்

காளிமுத்து: ஆ... ஆ... மெதுவாடி! இடுப்பு எலும்பு ஒடைஞ்சிரப் போகுது.

சர்மிளா: அசையாம குப்புறப் படுங்கப்பா. தைலம் உள்ள எறங்கணும்.

காளிமுத்து: தைலம் எறங்குற மாதிரி தெரியல. உன் கோவந்தான் எறங்குது.

சர்மிளா: ஒரு கேள்வி கேக்கட்டா?

காளிமுத்து: கேளு. கைய மட்டும் லேசா வை.

சர்மிளா: "ஹேவ் எ ப்ளெசன்ட் ஸ்டே, சேர்"னா என்னப்பா?

ரத்தினம்மா: என்னடி, உங்கப்பாவும் நீயும் என்ன குசுகுசுக்குறீங்க? அடுப்படிக்குக் கேக்குற மாதிரி பேசச் சொல்லு.

காளிமுத்து: அது... ஓட்டல்ல சொல்றது. "சந்தோசமா தங்கிட்டுப் போங்க"ன்னு அர்த்தம். கண்டியில ரூம் பாயா இருந்த ஆறு வருசமும் ஒரு நாளைக்கு நாப்பது தரம் சொல்லியிருக்கேன்.

சர்மிளா: சரி. அது ஏன் என் இங்கிலீஸ் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புல, என் பேர்ல போயிருக்கு?

காளிமுத்து: போன் என்னோடது. டிங் டிங்னு அடிச்சா எடுத்துப் பாக்க மாட்டேனா?

ரத்தினம்மா: பாக்குறது வேற, எழுதுறது வேற.

காளிமுத்து: நீ சோத்தப் பாரு!

சர்மிளா: ஜஹானா மிஸ் வாராவாரம் ஒரு கேள்வி போடுவாங்க. நாங்க ஒரு பதில் எழுதணும். அப்புறம் கூடப் படிக்கிறவங்க ரெண்டு பேருக்குப் பதில் போடணும். இல்லாட்டி அஞ்சு மார்க்கு போயிரும். நாங்கன்னா பதினோராம் வகுப்புப் புள்ளைங்கப்பா. ரூம் பாய் இல்ல.

காளிமுத்து: அந்த மிஸ் கேக்குற கேள்வியும் கேள்வியா? பனி கொட்டி பள்ளிக்கூடத்த மூடுனா என்ன செய்வீங்கன்னு கேக்குது. நம்ம வத்தேகமயில என்னைக்குடி பனி கொட்டுச்சு?

சர்மிளா: மிஸ் நெட்ல எங்கயோ எடுத்துப் போட்டது. அதுக்கு நீங்க இங்கிலீசுல என்ன எழுதியிருக்கீங்கன்னு அம்மாவுக்கும் புரிய தமிழ்ல சொல்லட்டா? "குட் ஈவினிங் சேர். பனி விழுந்தால் எங்கள் தகரம் தாங்காது. முதலில் கூரை மேல் வைத்திருக்கும் கல்லை இறக்க வேண்டும். ஹேவ் எ ப்ளெசன்ட் ஸ்டே, சேர்."

ரத்தினம்மா: சரியாத்தானே எழுதியிருக்காரு. கல்லும் பனியும் சேந்தா தகரம் உக்காந்துரும்.

சர்மிளா: அம்மா!

காளிமுத்து: மிஸ் "எக்சலன்ட்"னு போட்டுச்சே. அதையும் வாசி.

சர்மிளா: போட்டாங்க. இப்போ கிளாஸ்ல எல்லாரும் என்னைய "சேர்"னு கூப்புடுறாங்க. றிப்தா வாசல்ல நின்னு "வெல்கம் சேர்"ங்குறா.

காளிமுத்து: ஆ... அங்கதான், அந்த இடந்தான்... பல்லேகலயில சீமெந்து மூட்டை தூக்கித் தூக்கி இப்படி ஆயிருச்சு. அந்த வேலைக்குப் போனதுல இருந்துதான் இந்த எழவு.

சர்மிளா: பேச்ச மாத்தாதீங்க. போன வாரத்துக் கேள்வி, எது கஷ்டமான வேலை? அதுக்கு எங்க கிளாஸ் அம்ஜத் எழுதியிருக்கான். "கடை நடத்துவதுதான் கஷ்டம். மூட்டை தூக்குகிறவன் மூட்டையை இறக்கியதும் தூங்கப் போகிறான். கடைக்காரன் தூங்குவதில்லை."

காளிமுத்து: பாத்தியா? பாத்தியா திமிர? தூங்குறானாம்!

சர்மிளா: அதுக்கு "சர்மிளா" போட்ட பதில். "குட் ஈவினிங் சேர். நீங்கள் ஒரு நாள் உருளைக்கிழங்கு மூட்டையை முதுகில் ஏற்றி மாடிக்குக் கொண்டு போங்கள். பிறகு தூக்கத்தைப் பற்றிப் பேசலாம்."

ரத்தினம்மா: அதுக்கு அந்தப் பய என்ன சொன்னான்?

சர்மிளா: "நல்ல தொழிலாளி ஒன்பது தக்காளிப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, ஒரு மன்னிப்புக்கூடச் சொல்லாமல் போக மாட்டான்."

ரத்தினம்மா: ...ஒம்பது பெட்டியா?

காளிமுத்து: எவனோ சின்னப் பய எதையோ எழுதுறான்...

சர்மிளா: அம்ஜத்துக்கு கிரிக்கெட்ட விட்டா ஒன்னும் தெரியாதுப்பா. தக்காளியயும் பீட்ரூட்டயும் பக்கத்துல வச்சா முழிப்பான். அவங்க வீட்லயும் ஒரே போன்தான். பகல் முழுக்க அது அவங்க வாப்பாவோட காய்கறிக் கடையில கெடக்கு.

ரத்தினம்மா: அப்போ... உங்கப்பா வேல பாத்த கடையோட ரஸீன் முதலாளியா எழுதுறது?

சர்மிளா: இந்தா, அப்பா காது செவக்குது பாருங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானேப்பா?

காளிமுத்து: ...ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சுச்சு. எனக்கு எழுதுற துண்டுக் கடுதாசியிலயும் இப்படித்தான், ஒரு எடம் வுடாம இங்கிலீசு கேப்பிட்டல் எழுத்தாவே போடுவாரு.

ரத்தினம்மா: அட கடவுளே. நாலு மாசமா மூஞ்சியில முழிக்காத ரெண்டு கெழடுங்க, புள்ளைங்க பேர்ல இங்கிலீசுல சண்ட போட்டுருக்கு!

காளிமுத்து: ஊரு முன்னாடி என்ன சொன்னாரு தெரியுமில்ல? "குடிச்சிட்டுத்தான் வந்திருக்கே"ன்னாரு. பதினாலு வருசத்துல நான் ஒரு சொட்டு தொட்டிருப்பேனா? மழையில லொறிக்குப் போட்ட பலகை வழுக்கிருச்சுன்னு அப்பவே சொன்னேனே.

ரத்தினம்மா: சொன்னீங்க. அதோட தோள்ல இருந்த சாக்க ஒதறிப் போட்டுட்டு பல்லேகலைக்கு ஓடிட்டீங்க. அங்க போயி இடுப்ப ஒடச்சுக்கிட்டதுதான் மிச்சம்.

சர்மிளா: அப்பா, இந்த வாரக் கேள்விக்கு அம்ஜத் பேர்ல ஒன்னு வந்திருக்கு. வாசிக்கட்டா?

காளிமுத்து: வேணாம்.

சர்மிளா: கேள்வி, "யாரிடமாவது தப்பாக நடந்துகொண்டிருக்கிறீர்களா?"

காளிமுத்து: வேணாங்குறேன்ல.

ரத்தினம்மா: வாசிடி. நான் அடுப்பக் கொறச்சிட்டேன்.

சர்மிளா: "எங்கள் கடையில் ஒருவர் பதினாலு வருடம் வேலை செய்தார். ஒரு நாள் அவர் தள்ளாடினார். பெட்டிகள் விழுந்தன. நான் எல்லார் முன்னாலும் குடித்திருக்கிறாய் என்றேன். அவர் குடிப்பதில்லை என்று எனக்கே தெரியும். அவர் தோளில் போடும் துவாயைத் தொங்கவிடும் ஆணியில் இன்றுவரை யாரையும் எதையும் மாட்ட நான் விடவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் ஏன் தள்ளாடினார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பலகை நனைந்திருக்கவில்லை."

ரத்தினம்மா: என்னங்க... பலகை நனையலயாம்?

காளிமுத்து: கைய எடு புள்ள. போதும் தைலம்.

சர்மிளா: ஆறு மணிக்கு மிஸ் குரூப்ப மூடிருவாங்க. றிப்தாவுக்குப் பதில் போட்டுட்டேன். ரெண்டாவது இன்னும் போடல. சொல்லுங்க, நான் எழுதுறேன்.

காளிமுத்து: இந்தக் கேள்வி மட்டும் பனி கினின்னு இல்லாம இப்படி வருது. மிஸ்ஸுக்கு யாரு எடுத்துக் குடுத்தது?

சர்மிளா: ...நானும் அம்ஜத்தும்.

ரத்தினம்மா: அடிப் பாவி!

காளிமுத்து: அதான பாத்தேன்... சரி. எழுது. "சேர், எனக்கு அன்னைக்கு..."

சர்மிளா: "குட் ஈவினிங்" வேணாமா?

காளிமுத்து: வேணாம். "எனக்கு அன்னைக்கு இடுப்பு புடிச்சிருந்துச்சு..."

சர்மிளா: அப்பா, இது என் பேர்ல போகுது. பதினாறு வயசுல எனக்கு இடுப்பு புடிச்சுச்சுன்னு மிஸ் நெனைக்கப் போறாங்க.

ரத்தினம்மா: இருடி. என்னங்க, அன்னைக்குன்னா என்னைக்கு? பல்லேகலைக்குப் போன பொறகுதானே இடுப்பு வலின்னீங்க?

சர்மிளா: எழுதவா, வேணாமாப்பா? அஞ்சே நிமிசம் இருக்கு.

காளிமுத்து: அஞ்சு மார்க்கு போனாப் போகுது, எழுதாத. பலகை வழுக்கலடி, அது காஞ்சுதான் கெடந்துச்சு. முதலாளி கடையில இருக்கும்போதே இடுப்பு போயிருச்சு. தெரிஞ்சா வேலைய வுட்டு நிப்பாட்டிருவாருன்னு மூணு மாசம் மறைச்சேன். பெட்டியத் தூக்கி நிமிந்தேன், ரெண்டு காலும் மரத்துப்போச்சு, தள்ளாடி, அடுக்கி வச்ச பெட்டிங்க மேலயே விழுந்தேன். பாக்குறவன் குடிகாரன்னுதான் சொல்லுவான். விடிஞ்சதும் கடைக்குப் போயி, அந்த ஆணிக்குக் கீழ நின்னு நானே சொல்லிக்கிறேன். ரஸீன் முதலாளிக்கு ஒரு நெசம் பாக்கி.