பெயர் சேர்த்தாயிற்று

இந்த விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடும். உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

செத்துப்போனவர் என் தங்கை புருஷன். அரசு உரிமம் வாங்கி ரேடியோவில் பேசிக்கொள்கிற எங்கள் ஹாம் ரேடியோ சங்கத்தின் தலைவர். உரிமப் பரீட்சையில் நான் முதல் தடவையே தேறினேன். அவர் மூன்றாவது தடவை தட்டுத்தடுமாறித் தேறினார். ஆனாலும் தலைவர் அவர்தான். பல்லைக் காட்டிப் பேசத் தெரிந்தவன் பின்னால்தான் நாலு பேர் போவார்கள்.

அந்த வாரம் சங்கம் அலைவரிசையை மாற்றியது; எல்லோரும் புதியதுக்குப் போய்விட்டார்கள், பழையதில் காது கொடுக்க ஆளில்லை. அவருடைய கைரேடியோவில் எண் பொத்தான்கள் கிடையாது. புது அலைவரிசையைக் கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மறுநாள் காலை மலையுச்சியில் சங்கத்தின் ரேடியோ கோபுரத்தில் பேட்டரி மாற்ற அவர் தனியாகப் போகவேண்டியிருந்தது. அங்கே செல்போன் எடுக்காது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். யாரோ வைத்திருக்கிறார்களென்று இவரும் போட்டுக்கொண்டது.

“மச்சான், போர்ட்டைத் தொட்டாலே அனுமதி இல்லைங்குது” என்றார்.

லினக்ஸில் கேபிள் செருகுகிற அந்தப் போர்ட்டைத் தொடக்கூடியவர்களுக்கென்று ஒரு குழு உண்டு. டயல்அவுட் என்று பெயர். ஒரே வரியில் அவர் பெயரை அதில் சேர்த்தேன். சேர்த்தால் மட்டும் போதாது, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தால்தான் செல்லும். அதை நான் சொல்லவில்லை. கையேட்டில் இருக்கிறது, கண் இருக்கிறவன் படிக்கலாம்.

அவர் லேப்டாப் மூடியைச் சாத்தித் திறந்தார். அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் அணைந்து எழும் என்று நம்புகிற ஜன்மம். மறுபடியும் அனுமதி இல்லை. கேபிளை ஊதினார், திருப்பிச் செருகினார். மூன்று முறை என்னைக் கேட்டார். மூன்று முறையும் பெயர் சேர்த்தாயிற்று என்றேன். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது, ஆனால் பொய் சொல்லுமளவுக்கு அவர் பெரிய ஆள் இல்லை.

“சரி, பழைய அலைவரிசையிலயே போறேன். யாராவது கேப்பாங்களா?”

“நான் கேட்டுக்கிட்டே இருப்பேன் மாப்பிள்ளை. போயிட்டு வாங்க.”

சொன்ன சொல் தவறவில்லை. காலை ஒன்பதிலிருந்து ரேடியோவைத் திறந்து வைத்திருந்தேன். பத்தரைக்குக் கூப்பிட்டார். பாறையிடுக்கில் விழுந்துவிட்டதாகவும், கால் முறிந்து ரத்தம் நிற்கவில்லை என்றும் சொன்னார். முதலில் உரிமத்தோடு கொடுக்கிற தன் அழைப்புக்குறியை முறையாகச் சொல்லித்தான் கூப்பிட்டார். கொஞ்சம் தவிக்கட்டும் என்று விட்டேன். அரை மணி போனதும் குறியெல்லாம் மறந்து, “மச்சான், மச்சான்” என்று மட்டும் வந்தது. மைக் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பதினொன்றேகாலுக்கு அதுவும் நின்றது.

கொலை என்று எழுதுவதானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் குறி சொல்லாமல் கூப்பிடுகிறவனுக்குப் பதில் சொல்வது விதிமீறல். என் உரிமத்தில் இன்றுவரை ஒரு கறை கிடையாது.