நாற்பத்தைந்தாம் நாளுக்குத் தள்ளி வைத்தவர்

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பூவனநாதன் அண்ணாச்சி அவர்களே, மனைவியைப் பறிகொடுத்து நிற்கும் மணிராஜ் அவர்களே, மருத்துவமனைத் தோழர்களே, மிளகாய் வத்தல் காயப்போட்டதை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் செவிலியர் சொர்ணத்தாய் போய் ஒன்பது நாள் ஆகிறது. விளாத்திகுளத்திலிருந்து வரும் வழியில் நெஞ்சுவலி. ஐம்பத்து நான்கு சாகிற வயதா? நம் மருத்துவமனைக்குத்தான் தூக்கி வந்தார்கள், என் கண் முன்னால்தான் உயிர் போனது. டாக்டர் என்று பெயர், என்ன செய்ய முடிந்தது என்னால்? ஒன்றும் இல்லை!

கர்ப்பப்பை இறங்கி வரும் பெண்களுக்கு நான் ஆபரேஷன் செய்கிறேன். தையல் பிடிக்க ஆறு வாரம் ஆகும், அதுவரை குடம் தூக்கக் கூடாது என்று சீட்டில் எழுதியும் தருகிறேன். அந்தச் சீட்டை வீட்டில் யார் படித்தார்கள்? அடி இறங்கியது என்று எந்தப் பெண் வாய்விட்டுச் சொன்னாள்? 'வயித்துல கட்டி' என்பாள். பிள்ளை பெற்றவளுக்குப் போலவே பதினாறாம் நாள் தலைக்கு ஊற்றுவார்கள். அதோடு எல்லாம் சரியாகிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் இடுப்பில் குடம்!

குளத்தூர் வெள்ளைத்தாய்க்கு அப்படித்தான் முதல் ஆபரேஷன் வீணாய்ப் போனது. மூன்றாம் மாதம் வந்து, "திரும்பவும் எறங்கிருச்சு டாக்டரம்மா" என்று அழுதாள். இரண்டாவது தடவை செய்துவிட்டு நானே அவள் வீட்டுக்குப் போனேன். அரைமணி நேரம் விளக்கினேன். மாமியார் காப்பி கொடுத்து, தலையை ஆட்டிவிட்டு, என் எதிரிலேயே, "பதினாறுக்கு எண்ணெ வாங்கிட்டு வாலே" என்று மகனிடம் சொன்னார்.

மறுநாள் சொர்ணத்தாய் போனார். மாமியாரோடு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வத்தலுக்குக் காம்பு கிள்ளினாராம். எழுந்திருக்கும்போது ஒரே ஒரு பேச்சு: "மதினி, தலைக்கு ஊத்துததை நாப்பத்தஞ்சாம் நாளைக்கு வச்சுக்கிடுவோம். நானே வந்து ஊத்துதேன்." மாமியாரும் சரியென்றார்! சொன்னபடி சொர்ணத்தாயே போய் ஊற்றினார். வெள்ளைத்தாய் இன்றைக்கு நன்றாக இருக்கிறாள். அப்படி எத்தனை வீடு, எத்தனை நாற்பத்தைந்தாம் நாள்!

அவர் பணியைத் தொடர்வோம் என்று நான் இங்கே உறுதி சொல்ல வேண்டும். எந்த வாயால் சொல்வேன்? தைக்கத் தெரியும் எனக்கு. தைத்ததைக் காப்பாற்ற அவருக்குத்தான் தெரியும்.

அதோ, கடைசி வரிசையில் நாகலாபுரம் மாரிசெல்வி. ஆபரேஷன் முடிந்து பதினொரு நாள்தான் ஆகிறது, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். ஏன் வந்தாய் என்று வாசலில் திட்டினேன். "அவிய படத்துக்கு ஒரு பூ போடாம எப்படி இருக்கது டாக்டரம்மா?" என்றாள்.

மாரிசெல்வி, திரும்பிப் போக என் காரில் ஏறிக்கொள். ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பதினாறாம் நாள். அதற்கு முந்தின நாளே நான் உன் வீட்டுக்கு வருகிறேன், அம்மா. உன் மாமியாரிடம் என்ன பேசுவது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.