குதிகால் மருந்தும் கிழிஞ்ச போஸ்டரும்

…ஒட்டுன பசை கூடக் காயலைங்க. அதுக்குள்ள கிழிச்சுட்டாங்க! நம்ம விசைத்தறித் தொழிலாளர் சங்கம் போட்ட போஸ்டர். அதுல அப்படி என்னத்த எழுதிட்டோம்? 'ஆண்களுக்கான மருத்துவ முகாம். முன்தோல் இறுக்கம், பிறப்புறுப்பில் கட்டி, புண் இருந்தால் தயங்காமல் வாருங்கள்.' இவ்வளவுதான். இதுல எது கெட்ட வார்த்தை? சொல்லுங்க... எது?

கோவமா வருதுங்க. ஆனா கத்துனா என் தொண்டைதான் கட்டும். அதனால கதையாவே சொல்லிப்போடறேன். சின்னக் கதைதான், கேட்டுக்குங்க.

நம்ம பள்ளிபாளையத்துல அருணகிரின்னு ஒருத்தர். நம்மள மாதிரி தறி ஓட்டறவரு. வயசு நாப்பத்தஞ்சு இருக்கும். சம்சாரம் பேரு தெய்வானை. ஒரே பொண்ணு.

அந்த மனுசனுக்கு... அந்த இடத்துல தோலு இறுகிப்போச்சு. பின்னால தள்ள முடியல. ஓரமெல்லாம் வெடிச்சுப் புண்ணு. ஒண்ணுக்குப் போனா உசுரு போற எரிச்சல். என்ன பண்ணாரு? டாக்டர்கிட்டப் போனாரா? இல்லீங்க. தண்ணி குடிக்கறத நிறுத்திட்டாரு! பட்டறைச் சூட்டுல, தண்ணி குடிக்காம தறி ஓட்டறாருங்க மனுசன்!

இது போதாதுன்னு விதைப்பைத் தோல்ல பட்டாணியாட்டம் கட்டி வேற. வலியில்ல. ஆனா பயம். 'இதைப் பொண்டாட்டி பார்த்தா என்ன நெனப்பா? எங்கியோ போய்ச் சீக்கு வாங்கிட்டு வந்துட்டான்னு நெனைக்க மாட்டாளா?' அந்தப் பயத்துல பாயைத் தூக்கிட்டு வாசல்ல போய்ப் படுத்துக்கிட்டாரு. உள்ள தெய்வானை என்ன நெனச்சுது? 'இந்த மனுசனுக்கு வேற எங்கியோ தொடுப்பு இருக்குது.' ஒரு தப்பும் பண்ணாத ரெண்டு பேரு... பேசாத பேச்சுனால குடும்பமே பிரிஞ்சு போற நெலமை.

புண்ணு தாங்கல. மருந்துக்கடைக்குப் போனாரு. கடையில கூட்டம். "தம்பி, தோலு வெடிச்சிருக்குது. மருந்து இருக்குதா?"

"எந்த எடத்துலீங்கண்ணா?"

எந்த எடம்! சொல்ல முடியுமா? சுத்தி முத்தியும் பார்த்தாரு. காலைக் காட்டினாரு. "இங்க... குதிகால்ல."

"பித்தவெடிப்புங்களா? இந்தாங்க, நல்லா அழுத்தித் தேய்ங்க."

தேச்சாருங்க. எங்க தேச்சாரு?... குதிகால்ல இல்ல.

சிரிக்கறீங்க. நல்லாச் சிரிங்க. அவரு சிரிக்கல. எரிச்சல் தாங்காம ஈரத்துண்டை மடியில வெச்சுக்கிட்டு, செவுத்தைப் பார்த்து உக்காந்து அழுதாரு. கடைக்காரப் பையன் மேல தப்பா? அவன் என்னங்க பண்ணுவான்? நீங்க எந்த எடத்தைக் காட்டறீங்களோ, அந்த எடத்துக்குத்தான் மருந்து கெடைக்கும்.

தெய்வானை வந்து பார்த்துது. "ஏனுங்க, என்னாச்சு?" அப்பத்தான் வாயைத் தொறந்தாரு. எல்லாத்தையும் சொல்லிட்டாரு. அந்தம்மா தலையில அடிச்சுக்கிச்சு. "இதுக்காங்க என்னைக் கண்டா ஓடுனீங்க? நான் வேற என்னமோ நெனச்சு நெதமும் அழுதுட்டிருந்தேன். கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு!"

டாக்டர் பார்த்தாரு. "கட்டியைப் பத்திப் பயப்படாதீங்க. வெறும் கொழுப்புக் கட்டி. தொந்தரவு இல்லைன்னா அப்படியே விட்டுரலாம். வேண்டாம்னா மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துரலாம். உங்க ரத்தத்துல சக்கரை ஏறிக் கெடக்குது, தோலு இறுகுனதுக்கு அதுதான் காரணம். அதைக் குறைக்கணும். பூசறதுக்கு இந்த எடத்துக்கான மருந்து தர்றேன். அதுல இளகலைன்னா சின்ன ஆபரேஷன், தோலை எடுத்துரலாம்." பூசிப் பார்த்தாரு, இளகல. தழும்பேறிப் போயிருந்துச்சு. ஆபரேஷன் பண்ணிட்டாங்க.

இனிமேதான் கதையே! ஒருத்தர் ஆஸ்பத்திரியில படுத்துட்டா நம்ம சனம் சும்மா இருக்குமா? பிரட்டும் ஆப்பிளுமா அருணகிரியோட பெரியப்பா வந்தாரு. வார்டே திரும்பிப் பாக்கற மாதிரிக் குரலு.

"ஏம்ப்பா, என்ன ஆபரேஷனு?"

அருணகிரி போர்வையை இழுத்துக்கிட்டு, "கொடலெறக்கமுங்க பெரியப்பா."

மறுபடியும் குதிகால் பாருங்க!

தெய்வானை எந்திரிச்சுது. "இல்லீங்க மாமா. முன்தோலை எடுத்திருக்குது."

பெரியப்பாவுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. "அது பாய்மாரு செய்யறதல்ல? நம்ம சனம் என்ன பேசும்? ஒரு பொம்பள இதைச் சத்தமாச் சொல்றியே, வெக்கமா இல்ல உனக்கு?"

அந்தம்மா குரலை ஒரு துளி கூடக் குறைக்கலைங்க. "பாய்மாரு செய்யறது அவங்க வழக்கம். இது எம்புருசனுக்கு வைத்தியம். வெக்கத்தைப் பத்தி நீங்க பேசறீங்களா மாமா? எம்பொண்ணு வயசுக்கு வந்தப்ப மண்டபம் புடிச்சீங்க. மைக்செட் கட்டுனீங்க. அவ போட்டோவைப் போட்டு முச்சந்தியில பேனர் வெச்சீங்க. புள்ள வேண்டாம் வேண்டாம்னு அழுதுது. ஊருக்கே சொன்னீங்களே... அன்னிக்கு எங்க போச்சு இந்த வெக்கம்?"

பெரியப்பா பிரட்டை வெச்சுட்டுப் போயிட்டாருங்க.

இப்பப் புரியுதுங்களா நான் எதுக்குச் சொன்னேன்னு? பொம்பளப் புள்ளையோட உடம்புல ஒண்ணு நடந்தா அதுக்கு ஊரைக் கூட்டிச் சோறு போடறோம். ஆம்பளை உடம்புல ஒரு புண்ணு வந்தா, அதைப் பத்தி ஒட்டுன காயிதத்தைக் கூடக் கிழிக்கறோம். இது மானமா? இல்லீங்க, பயம்! மானம்னு பேரு வெச்சு வளர்த்த பயம். அந்தப் பயத்துலதான் ஒருத்தர் தண்ணி குடிக்காமக் கெடந்தாரு. இந்தக் கூட்டத்துல இன்னும் எத்தனை பேரு குதிகாலைக் காட்டிட்டுத் திரியறீங்களோ, எனக்குத் தெரியாது.

போஸ்டரைக் கிழிச்சவருக்குச் சொல்றேன். மறுபடியும் கிழிங்க, மறுபடியும் ஒட்டுவோம். இன்னிக்குக் காலையில பசை வாளியைத் தூக்கிட்டுப் போய் ஒட்டுனது யாருன்னு தெரியுமா? கதையில பேரை மாத்திச் சொல்லட்டுமான்னு அவருகிட்டக் கேட்டேன். "எதுக்குங்க மாத்தணும்? என் பேரையே சொல்லுங்க. சொன்னதும் நான் எந்திரிச்சு நிக்கறேன்"னாரு.

சொல்லிட்டேன்... அருணகிரி! எந்திரிங்க!