நடிகையின் சுயசரிதையும் என் மாமனாரும்

புதுப் புத்தகத்தை அட்டை மடங்காமல் படிப்பதுதான் என் வழக்கம். என் அபிமான நடிகையின் சுயசரிதையையும் அப்படித்தான் படித்தேன் சார், கை கழுவிவிட்டு, மடியில் துண்டு விரித்து.

லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். கருவிப் பெட்டியின் மூடிக்குள் அவர் படம்தான் ஒட்டியிருக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில், "எங்கப்பா அவங்களுக்கு மேக்கப் போட்டிருக்காரு" என்று பெண் சொன்னாள். அப்போதே சரி என்றுவிட்டேன். அவள் முகத்தைப் பிறகுதான் பார்த்தேன்.

மாமனார் சாதுவான மனிதர். பார்வை மங்கிய பிறகு எங்களோடுதான் இருந்தார். செருப்பை எடுத்துப் போட்டால்கூட நன்றி சொல்வார்.

புத்தகம் அருமை. அம்மாவுக்குத் தெரியாமல் அவர் நடனம் பழகிய பக்கங்களில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கடுத்த அத்தியாயத்தில் ஒரு மேக்கப்மேன் வந்தான். பெயர் போடவில்லை. முதல் படத்தில் அவர் கன்னம் வெந்துபோகும்படி எதையோ பூசிவிட்டு, "இந்த மூஞ்சிக்கு இது போதும்" என்று சிரித்தானாம்.

மாமனாரிடம் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

"அது நான் இல்ல மாப்பிள்ளை. அந்தப் படத்துல நான் வேலையே பார்க்கல."

"விடுங்க மாமா, பழைய கதைதானே" என்றேன்.

"எங்கப்பாவையே சந்தேகப்படறீங்களே, உங்களுக்கு மூளை கீளை குழம்பிடுச்சா?" என்றாள் மனைவி. பெற்றவரை விட்டுக்கொடுப்பாளா?

அந்த வாரமே கண் டாக்டரிடம் அவரைக் காட்ட வேண்டியிருந்தது. நான் கூட்டிப் போகிறேன் என்றதும் மனைவி நிம்மதியாக வேலைக்குப் போனாள். எங்கள் வீடு மேல்மாடியில். லிஃப்ட் அடித்தளத்தில் நின்றிருந்தது. என் கையில் இருக்கும் சாவியைப் போட்டால், லிஃப்ட் வராமலேயே கதவு திறக்கும்.

"வந்துடுச்சா மாப்பிள்ளை?"

"வந்துடுச்சு மாமா. பார்த்து வாங்க."

என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் காலை எடுத்து வைத்தார். நான் தள்ளவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். கீழே ஆட்கள் கூடிச் சத்தம் போடும்வரை அடுத்த அத்தியாயத்தைப் படித்தேன். அவருக்கு முதல் விருது கிடைத்த கதை. ரொம்ப நன்றாக இருந்தது.

நேற்று உங்கள் அதிகாரி நடிகையிடமே போனில் விசாரித்தாராம். அப்படியொரு சம்பவமே நடக்கவில்லையாம். அவருக்காகப் புத்தகத்தை எழுதிக் கொடுத்தவர் விறுவிறுப்புக்காகச் சேர்த்ததாம். நடிகை அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். என் மாமனாரை நன்றாக நினைவிருக்கிறது, தங்கமான மனுஷன் என்று சொல்லி அழுதாராம்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய மனசு அவருக்கு, எவனையும் மன்னித்துவிடுவார். அதனால்தான் சார், அவருக்காகக் கோபப்பட நான் ஒருத்தனாவது வேண்டியிருக்கிறது.