ஜன்னலோரத்தில் ஆள் இருக்கிறது

ஜெலுத்தோங்கிலிருந்து ஆயர் ஈத்தாம் போகும் பஸ். உச்சி வெயிலில் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண், ஜன்னலோர இருக்கையைக் காலியாக விட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வழியில் ஏறிய தோழி, தள்ளி உட்காரச் சொன்னாள்.

"அங்க ஆளு இருக்கு லா. நீ எதிர்ல உக்காரு."

"யாரு அக்கா?"

"நார்வே போனேன்ல, பலகையாலயே கட்டின பழைய சர்ச் ஒண்ணு, பின்னால பெரிய காடு. இங்க கொடிமலை ஏறறப்ப கண்ணுக்குத் தெரியாத காவல் தாத்தாகிட்ட வழி விடச் சொல்லிக் கேப்போமே, அதே பழக்கத்துல அங்கயும் கும்பிட்டுக் கேட்டுட்டேன்."

"நல்லதுதானே?"

"கைடு பொண்ணுக்கு மொகமே மாறிடுச்சு. முன்ன அவங்களும் காட்டுக் காவல்கிட்ட கேட்டுட்டுத்தான் நுழைவாங்களாம். இப்ப யாரும் கேக்கறதே இல்லையாம்."

"அதனால?"

"திரும்பறப்ப கார்ல என் பக்கத்து சீட்டு ஜில்லுன்னு இருந்துச்சு. ஒருத்தியாவது கேட்டாளேன்னு இங்க வீடு வரைக்கும் கூடவே வந்துருச்சு."

நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்தக் கண்ணாடி மட்டும், யாரோ மூச்சு விடுவதுபோல, மங்கித் தெளிந்து மறுபடி மங்கியது.

எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்த தோழி குரலைத் தாழ்த்தினாள். "கொடிமலைக்குக் கூட்டிட்டுப் போய் நம்ம தாத்தாகிட்ட விட்டுடுங்களேன்."

"போன வாரமே போனேன். அங்க மட்டும் இப்ப யாரு கேக்கறா? அவரும் கூட வந்துட்டாரு."

தோழி தன் பக்கத்துக் காலி இருக்கையைப் பார்த்தாள். பிறகு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.