வேலைய விட்ட தேதி

வேணாங்க ஜட்ஜம்மா, லைட்டு எரியட்டும். இன்னைக்கு வலி இல்ல. அதுதான் எனக்கே வெறுப்பா இருக்கு. இந்த ஒரு உதவித்தொகை விசாரணைக்காக மூணு வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன், இன்னைக்குன்னு பாத்து தலை கம்முன்னு கெடக்குது. வலி வந்திருந்தா நீங்களே கண்ணால பாத்திருப்பீங்க. ஆனா வந்திருந்தா நான் இந்த நாற்காலிக்கே வந்திருக்க மாட்டேன், வீட்ல பாத்ரூம் தரையில கன்னத்த வெச்சுப் படுத்திருப்பேன். எப்படிப் பாத்தாலும் எனக்குத்தான் நஷ்டம்.

மார்லிஸ் ஹாகன். வயசு அம்பத்தெட்டு. ஸ்கூல் பஸ் ஓட்டினேன், இருபத்தோரு வருஷம். காலைல முப்பத்தெட்டுப் பிள்ளைங்க, சாயங்காலம் அதே முப்பத்தெட்டு. எல்லாம் பண்ணை வீடு, ஏரிக்கரை வீடு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல வெறும் பனிதான். எங்க வடக்கு மினசோட்டாவ நீங்க பாத்திருப்பீங்களே.

ஆமாங்கம்மா, வேலைய விட்டது பிப்ரவரி பதினாறு. ஃபார்ம்லயும் அதான் எழுதிருக்கேன். ஏன் அந்தத் தேதின்னா... தலைவலிதாங்கம்மா. ஒத்தத் தலைவலி. ஒரு நாள், இனிமே முடியாதுன்னு ஆயிடுச்சு. சொல்றேன். கொஞ்சம் வரிசையா வரேனே.

ஆங், அந்த நோட்டா? அது நம்ம வக்கீல் பிராண்ட்வோல்ட் சார் வாங்கிக் குடுத்தது. தெனம் வலி வந்துச்சா, எவ்வளவு நேரம், வாந்தி உண்டா, எல்லாத்தையும் குறிச்சு வைக்கச் சொன்னாரு. குறிச்சேன். என்ன, அக்டோபர் மாசத்துல பதினோரு பக்கம் வெள்ளையா இருக்கா? இருக்கும். இல்லீங்கம்மா, அதெல்லாம் நல்ல நாள் இல்ல. எழுதியிருக்கற நாள்தான் கொஞ்சம் நல்ல நாள், பேனாவப் புடிக்க முடிஞ்ச நாள். வெள்ளையா இருக்கறதெல்லாம் ஜன்னலுக்குக் கம்பளிய ஆணி அடிச்சுட்டுப் படுத்துக் கெடந்த நாள். மறுநாள் எழுந்து எழுதிருக்கலாம்தான். மறுநாள் எனக்கு என்ன கிழமைன்னே தெரியாதும்மா. சும்மா அடிச்சு விடறதுக்கு மனசு வரல, விட்டுட்டேன். முதல் தடவ மனுவத் தள்ளுபடி பண்ணப்பவும் இதத்தான் காட்டினாங்க, மாசத்துல பாதி நாள் நல்லாத்தான் இருக்கீங்கன்னு. அந்தக் கடுதாசியப் படிச்சுட்டுச் சிரிச்சேன். வேற என்ன பண்றது.

டாக்டர் எழுதினதா? படிங்க, கேக்கறேன்.

ம்.

பதினாலு தடவையுமா? ஐயோ. எண்ணிட்டீங்களா. ஆமாங்கம்மா, அப்படித்தான் சொல்லிருப்பேன். அவரு உள்ள வந்ததும், எப்படி இருக்கீங்க மார்லிஸ்னு கேப்பாரு, நான் பரவால்லன்னு சொல்லுவேன். உங்களுக்கு எந்த ஊரும்மா? டெக்ஸஸா? அதான். எங்க ஊர்ல வேற பதில் கெடையாதும்மா. எங்க மாமனாரு டிராக்டர் அடியில காலு மாட்டிக்கிட்டுக் கெடந்தாரு, ஆம்புலன்ஸ்காரன் எப்படி இருக்கீங்கன்னு கேட்டான், பரவால்லப்பான்னுதான் சொன்னாரு. வலிக்குதுன்னு சொன்னா அடுத்தவங்கள நிக்கவெச்சு நம்ம கதையக் கேக்க வெக்கற மாதிரி ஒரு கூச்சம். டாக்டரும் எங்க ஊரு ஆளுதான், அவருக்கும் தெரியும். ஆனா கம்ப்யூட்டர்ல அப்படியே அடிச்சு வெச்சுட்டாரு, நோயாளி பரவால்லன்னு சொல்றாருன்னு. பதினாலு தடவ. நான்தான் சொன்னேன், அவர என்னத்தக் குத்தம் சொல்றது.

யாரு, பின்னாடி நிக்கறவரா? என் வீட்டுக்காரரு, வெர்லின். உக்காரச் சொல்லாதீங்க, உக்காந்தா எழுந்திருக்கச் சிரமம். ரெண்டு முட்டியும் போச்சு. ஆபரேஷனுக்குத் தேதி குடுத்து ரெண்டு தடவ தள்ளிப் போட்டுட்டாரு. அறுபத்திமூணு வயசுல ஜல்லி லாரி ஓட்டறாரு. அவரு வேலைய விட்டா எங்க ரெண்டு பேருக்கும் வைத்தியக் காப்பீடு போயிடும், என் தலைவலி ஊசியும் நின்னுடும். இந்த உதவித்தொகை வந்தா அதோட எனக்குக் காப்பீடும் வரும், அவரு எறங்கிடுவாரு. அவ்வளவுதாம்மா நான் கேக்கறது. எனக்குன்னு ஒண்ணும் வேணாம், அந்த மனுஷன் லாரிய விட்டு எறங்கணும். காலைல அவரு ஒவ்வொரு படியா ஏர்றதப் பாத்தா என் தலைவலியே எனக்கு அவமானமா இருக்கு.

என்ன கேட்டீங்க? கண்ணா?

ஆமா. இந்த மனுல எழுதிருக்கேன். வலி வர்றதுக்கு முன்னாடி கண்ணு மறைக்கும். முதல்ல ஒரு மினுக்கு வரும், தண்ணிமேல வெயில் அடிக்கற மாதிரி. அப்புறம் வலது பக்கம் பாதி இருக்காது. கருப்பா இருக்கறதில்ல, சும்மா இருக்காது. உங்க மூஞ்சியப் பாத்தா ஒரு கண்ணு இருக்கும், இன்னொண்ணு இருக்காது. இருவது நிமிஷம், அரை மணி. பனி மேல வெயில் பட்டா கண்டிப்பா வரும்.

ஆமாங்கம்மா, அந்தக் காகிதமும் தெரியும். டிரைவருங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ உடம்புப் பரிசோதனை. அதுல கேள்வி இருக்கும். கண்ணு மறைக்குதா, அடிக்கடி தலைவலி வருதா. இல்லன்னுதான் டிக் போட்டிருக்கும். அடுத்ததுலயும் இல்ல. மூணாவதுலயும் இல்ல. மூணுலயும் என் கையெழுத்துதான், பாத்துட்டேன்.

வக்கீல் சார், கைய எடுங்க. இல்ல, பரவால்ல, நான் பேசறேன். அவரு சொல்றாரும்மா, அதயும் பரவால்ல கணக்குல சேத்துடலாம்னு. எங்க ஊருப் பழக்கம், கூச்சம், எல்லாத்துக்கும் இல்லன்னு சொல்றதுன்னு. கார்ல வரும்போதும் அதத்தான் சொல்லிக் குடுத்தாரு. நல்லவரு, என் நல்லதுக்குத்தான் சொல்றாரு. ஆனா டாக்டர்கிட்ட பரவால்லன்னது பழக்கம். இது பழக்கம் இல்ல. இது பொய். உக்காந்து, படிச்சுப் பாத்து, தெரிஞ்சே போட்ட பொய். ஆமான்னு போட்டா அன்னைக்கே சாவிய வாங்கிப்பாங்க. வேலை போனா என் காப்பீடு போகும், அப்ப வெர்லினுக்கும் வேலை இல்ல. அதோட எனக்கு அந்த வேலை புடிச்சிருந்துச்சும்மா. அதையும் சொல்லிடறேன்.

எவ்வளவு நாளா? ஆறு வருஷம். ஆமா, ஓட்டிக்கிட்டே. எல்லா நாளும் இல்ல. வரும்போது வேகத்தக் கொறச்சு, இடது பக்கக் கோட்ட மட்டும் பாத்துக்கிட்டு போயிடுவேன். நிறுத்தத்துல பிள்ளைங்க ஏறும்போது தலைய முழுசா திருப்பி ஒவ்வொண்ணா பாப்பேன். அதுங்க நெனச்சுதுங்க, மார்லிஸ் நம்மள எவ்வளவு அக்கறையா பாக்கறான்னு.

அந்தத் தேதிக்கு வரேம்மா. அதத்தான சுத்திச் சுத்திக் கேக்கறீங்க.

எங்க ரூட்ல ஒரு தண்டவாளம் இருக்கு. ரயில்வே கேட்டு கெடையாது, ஒரு பலகை மட்டும். ஸ்கூல் பஸ்ஸுன்னா தண்டவாளத்துக்கு முன்னாடி நிறுத்தணும், கதவத் தொறந்து காது குடுத்துக் கேக்கணும், ரெண்டு பக்கமும் பாக்கணும். அந்த நேரத்துல பிள்ளைங்க மூச்சு விடக் கூடாது. நான் கையத் தூக்குனா முப்பத்தெட்டும் வாயமூடும். வருஷ ஆரம்பத்துல பழக்கற முதல் விஷயமே அதுதான். அதுல நான் ரொம்பக் கண்டிப்பு.

அன்னைக்கு நல்ல வெயில், நல்ல பனி. மினுக்கு அரை மைலுக்கு முன்னாடியே வந்துடுச்சு. நிறுத்தினேன், கதவத் தொறந்தேன், கையத் தூக்கினேன். காத்து பயங்கரமா அடிச்சுது, ஒண்ணும் கேக்கல. இடது பக்கம் பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. வலது பக்கம் பாத்தேன். அங்க தண்டவாளமே இல்ல. ஒண்ணுமே இல்ல. கழுத்த இன்னும் திருப்பியிருக்கணும், திருப்பல. ஆறு வருஷம் ஒண்ணும் ஆகலல்ல. கதவச் சாத்திட்டு பிரேக்கிலேர்ந்து காலை எடுத்தேன்.

முன் சீட்டுல பிரிட்டான்னு ஒரு பொண்ணு, ரெண்டாங் கிளாஸு. மார்லிஸ், ரயில் வருதுன்னா.

பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்லன்னு அவள அதட்டினேன். வண்டி நகந்துக்கிட்டு இருந்துச்சும்மா. அதட்டி முடிச்சப்புறந்தான் ஊதல் சத்தம் கேட்டுச்சு. பிரேக்க மிதிச்சேன். கண்ணாடிக்கு முன்னாடி இரும்பு ஏத்தின பெட்டிங்க போச்சு, போச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு.

வண்டி ரிப்பேர்னு பஸ் ரேடியோல ஆபீஸுக்குச் சொல்லிட்டு அங்கேயே நின்னேன். இன்னொரு டிரைவர் வந்து சாவியத் திருப்பினான், ஒரே தடவையில ஸ்டார்ட் ஆச்சு. குளிர்ல அப்படித்தான் பண்ணும்னு அவனே சமாதானம் சொல்லி, ஸ்கூல் வரைக்கும் ஓட்டிக்கிட்டு வந்தான். அன்னைக்கு மத்தியானமே வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்.

எழுதிக்கோங்கம்மா, அந்த ரெக்கார்டு மெஷின்லயும் இருக்கட்டும். இதுக்கப்புறம் உதவித்தொகை குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். வெர்லினுக்கும் இது இப்பதான் தெரியுது, அவரு மூஞ்சிய நான் திரும்பிப் பாக்கல.

அந்தப் பொண்ணா? ஒண்ணும் ஆகல, இப்ப அஞ்சாங் கிளாஸு படிக்கறா. அன்னைக்கு ஸ்கூல்ல எல்லாரும் எறங்கினப்புறம் அவ மட்டும் படிகிட்ட நின்னா. தண்டவாளத்துகிட்ட பேசிட்டேன், மன்னிச்சுக்கோ மார்லிஸ், இனிமே பேச மாட்டேன்னு சொல்லிட்டு எறங்கிப் போனா.